வெனிஸில் மீன் கேட்பதற்கு முன் எடையைக் கேளுங்கள்

போன மாதம் வெனிஸில் ஒரே ஒரு மீனுக்கு 117 யூரோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அங்கே போகவிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான், மனைவி, அம்மா மூவரும் சான் மார்கோ சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சந்தில் நுழைந்தோம். அம்மாவுக்குக் கால்வலி. இன்னும் நடக்கச் சொல்ல மனம் வரவில்லை. ஓர் உணவகத்தின் வாசலில் நின்றவர், "அசல் வெனிஸ் சமையல்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தார். உட்கார்ந்துவிட்டோம்.

மெனுவில் 'பிரான்சினோ' என்ற கடல்மீனுக்கு நேராக 9 என்று இருந்தது. கொடுவா போன்ற மீன். "காலையில் ரியால்டோ சந்தையில் வாங்கியது, இரண்டு பேருக்கு ஒன்றே போதும்" என்றார் சர்வர். தலையாட்டினோம்.

பில் வந்தபோதுதான், அந்த 9-க்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் இருந்த 'எத்தோ' என்ற சொல்லை விரல் வைத்துக் காட்டினார். எத்தோ என்றால் 100 கிராம். எங்கள் மீன் 1,300 கிராமாம்! சமைப்பதற்கு முன் மீனைக் காட்டவில்லை, எடையும் சொல்லவில்லை. தலையும் முள்ளும் நீக்கித் துண்டுகளாகத் தட்டில் வந்ததை இனி எங்கே நிறுத்துப் பார்ப்பது? அம்மாவின் தக்காளி ஸ்பகெட்டி 16, தண்ணீர் 12, 'கோபெர்த்தோ' தலைக்கு 4, அதற்கு மேல் 12 சதவீதம் சேவைக் கட்டணம். மொத்தம் 175.84 யூரோ. கோபெர்த்தோ என்பது மேசைக்கும் ரொட்டிக்கும் அங்கே வழக்கமாக வாங்குவது, மெனுவிலும் போட்டிருந்தது. அதில் எனக்குக் குறையில்லை. எடையை மறைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

2018-இல் இதே ஊரில் நான்கு ஜப்பானிய மாணவர்களிடம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 1,143 யூரோ வாங்கியது பெரிய செய்தியானது. அதைத் தெரிந்திருந்தும் ஏமாந்தோம் என்பதுதான் வேதனை. மீன் கேட்டால் கண்ணெதிரே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள், மொத்த விலையைத் தாளில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மெனுவில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறையவைத்த பொருள் என்று அர்த்தம். வாசலில் லசான்யா (அடுக்குப் பாஸ்தா), ஸ்பகெட்டி போலோனீஸ் (இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி) படங்கள் தொங்கினால் உள்ளேயே போகாதீர்கள். அவை வெனிஸ் சமையலே அல்ல. போலோனீஸ் என்ற பெயருக்குக் காரணமான போலோன்யா நகரில்கூட அந்த இறைச்சிக் குழம்பைத் தாலியத்தெல்லே என்ற பட்டைப் பாஸ்தாவோடுதான் சாப்பிடுகிறார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ரியால்டோ மீன் சந்தைக்குப் போனோம். அங்கே விசாரித்தபோது ஞாயிறும் திங்களும் சந்தை விடுமுறை என்று தெரிந்தது. நாங்கள் அந்த மீனைச் சாப்பிட்டது திங்கள் இரவு.

சந்தைக்குப் பின்புறச் சந்துகளில் 'பாக்கரோ' எனப்படும் சிறு கடைகள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் 'சிக்கெத்தி' என்ற சிற்றுணவுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி வைத்திருந்தார்கள். காய்ந்த காட் மீனை ஊறவைத்து வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய்போலக் கடைந்து ரொட்டித் துண்டின்மேல் தடவியது ஒன்று. மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயத்திலும் வினிகரிலும் ஊறவைத்தது இன்னொன்று. புளிப்பும் இனிப்புமாக அந்த மத்தி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. அம்மாவுக்கு வேகவைத்த ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காய் கிடைத்தது. உட்கார ஒரு முக்காலியும் கொடுத்தார்கள். மூவருக்கும் சேர்த்து 22 யூரோ. கடைக்காரர் கேட்காமலே ரசீதை நீட்டினார்.