புராஸ்டேட் திசுப் பரிசோதனை: மலக்குடல் வழியா, தோல் வழியா?

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி. அது சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் உயர்ந்திருந்தாலும், மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்கும்போது சுரப்பி கடினமாகத் தெரிந்தாலும், அவை புற்றுநோய் குறித்த ஐயத்தை எழுப்புமே தவிர அதை உறுதிப்படுத்துவதில்லை. சுரப்பி வயதினால் வீங்கினாலும், அதில் அழற்சி ஏற்பட்டாலும் பி.எஸ்.ஏ. உயரும். ஊசியால் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே நோய் உண்டா, அதன் வீரியம் எவ்வளவு என்று சொல்ல முடியும். அந்த ஊசி எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதில் இன்று இரண்டு முறைகள் போட்டியிடுகின்றன.

பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருப்பது மலக்குடல் வழி முறை. அல்ட்ராசவுண்ட் கருவியை ஆசனவாய்க்குள் செலுத்தி, திரையில் சுரப்பியைப் பார்த்தபடியே, மலக்குடல் சுவரைத் துளைத்து வழக்கமாகப் பன்னிரண்டு இடங்களில் திசு எடுக்கிறார்கள். சுரப்பியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டால் போதும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் கிருமிகள் நிறைந்த குடலைக் கடந்து ஊசி செல்வதால், சிலருக்குச் சிறுநீர்த் தொற்றும், அரிதாக உயிருக்கே ஆபத்தான ரத்தத் தொற்றும் ஏற்படுகின்றன. இதைத் தடுக்கக் கொடுக்கப்பட்டுவந்த சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைக் குடல் கிருமிகள் பரவலாக எதிர்க்கத் தொடங்கியதுதான் மாற்று வழியின் தேவையை வலுப்படுத்தியது.

மற்ற முறையில் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோலின் வழியாக ஊசி செல்கிறது. கருவி மலக்குடலுக்குள் இருந்தாலும் ஊசி குடலைத் தொடுவதில்லை. சுரப்பியின் முன்பகுதியில் ஒளிந்திருக்கும் கட்டிகளையும் இவ்வழியில் எளிதாக எட்டலாம். முன்பெல்லாம் இதற்கு முழு மயக்கம் தேவைப்பட்டது. இப்போது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிக்கிறார்கள். ஆனாலும் நேரம் சற்றுக் கூடுதலாகும், வலியும் பலருக்குக் கூடுதலாகத் தெரியும்.

தொற்றைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2024-இல் வெளியான ‘பிரிவென்ட்’ ஆய்வில், தோல் வழிப் பிரிவினருக்குத் தடுப்பு ஆன்டிபயாட்டிக் கொடுக்காதபோதும் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மருந்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மலக்குடல் வழிப் பிரிவில் 1.4% பேருக்கு வந்தது. அதே ஆண்டின் ‘புரோப்-பிசி’ ஆய்வோ இரு வழிகளுக்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை என்றது. பிரிட்டனில் 1,126 ஆண்களிடம் நடந்து 2025-இல் வெளிவந்த ‘டிரான்ஸ்லேட்’ ஆய்வில், சிகிச்சை தேவைப்படக்கூடிய அளவிலான புற்றுநோய் தோல் வழியில் 60% பேரிடமும் மலக்குடல் வழியில் 54% பேரிடமும் கண்டறியப்பட்டது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், வசதியும் பயிற்சியும் உள்ள இடத்தில் தோல் வழியையே நான் விரும்புவேன். தொற்றுக்கு எதிரான ஆற்றல் குறைந்தவர்களுக்கும், முன்பு இதே பரிசோதனைக்குப் பின் தொற்று வந்தவர்களுக்கும் அது இன்னும் பொருத்தம். அந்த வசதி இல்லையென்றால், சரியான ஆன்டிபயாட்டிக்கோடும் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி கொண்டு மலக்குடலைத் தூய்மை செய்தும் மலக்குடல் வழியில் செய்துகொள்வதில் தவறில்லை. அதற்காகப் பரிசோதனையையே தள்ளிப்போடக் கூடாது.

இருப்பினும், ஊசி செல்லும் வழியை விட அது போய்ச்சேரும் இடம் முக்கியமானது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஐயத்துக்குரிய இடத்தைக் குறிவைத்துத் திசு எடுக்கும் முறையை, சுரப்பி முழுவதும் பரவலாக எடுக்கும் பழைய முறையோடு 2018-இன் ‘பிரிசிஷன்’ ஆய்வு ஒப்பிட்டது. கவனிக்க வேண்டிய புற்றுநோய் குறிவைத்த முறையில் 38% பேரிடமும் பழைய முறையில் 26% பேரிடமும் தெரியவந்தது. தீங்கு செய்ய வாய்ப்பில்லாத சிறு புற்றுநோய்கள் முறையே 9%, 22% பேரிடம் சிக்கின. இந்த இரண்டாவது வேறுபாடு மிகப் பெரிய நன்மை. ஏனெனில் அத்தகைய நோயைக் கண்டுபிடித்த பின் எழும் அச்சமும், சில வேளைகளில் தேவையற்ற சிகிச்சையும், சிகிச்சையால் வரும் சிறுநீர்க்கசிவும் ஆண்மைக்குறைவும் அந்த மனிதர் சுமக்க வேண்டியவை. எம்.ஆர்.ஐ.யில் எதுவும் தெரியாமல், பிற அபாயங்களும் குறைவாக இருந்தால், ஊசியே வேண்டாம் என்று மருத்துவரும் நோயாளியும் கலந்து முடிவு செய்யலாம்.

எந்த வழியில் செய்தாலும் சிறுநீரில் சில நாட்களும் விந்தில் சில வாரங்களும் ரத்தம் கலந்து வரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. பரிசோதனைக்குப் பின் குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.