ஆடும் ஜீப் கண்ணாடி: வாஷரா, பெரிய போல்ட்டா, கன்மெட்டல் புஷ்ஷா?

மஹிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது 1940-களின் கடைசியில். அந்த வழியில் வந்த திறந்த ஜீப்புகளில் முன் கண்ணாடி ஃப்ரேம் பானட்டின் மேல் மடிந்து படுக்கும். மாடலுக்கு மாடல் வடிவம் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான்: கீழே வெளிப்பக்கம் இரண்டு கீல், உள்ளே இரண்டு கிளாம்ப், நடுவில் ஒரு ரப்பர் பட்டை. ஃப்ரேம் ஆடத் தொடங்கியதும் பட்டறையில் கேட்கும் முதல் யோசனை, “கிளாம்ப்பை நல்லா இறுக்கிட்டா போதும் அண்ணாச்சி.” பெரும்பாலான கண்ணாடிகள் மூலையில் விரிசல் விடுவது அந்த இறுக்கத்தால்தான்.

கீலில் தேய்மானம் இருக்கும்போது கிளாம்ப்பை முறுக்கினால் ஃப்ரேம் நேராக அமராமல் முறுகும். அந்த முறுக்கை முழுக்கத் தாங்குவது கண்ணாடி.

காற்றின் கணக்கையும் பார்த்துவிடலாம். கண்ணாடி சுமார் 4 அடி அகலம், ஒன்றே முக்கால் அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் அதன்மேல் விழும் தள்ளு தோராயமாக 13 கிலோ. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது 30 கி.மீ. எதிர்க்காற்று சேர்ந்தால் அது ஏறத்தாழ 30 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளு இரண்டேகால் மடங்கு. எதிர்க்காற்று ஃப்ரேமின் தலையைப் பின்னால் தள்ளும். அடியில் கீல் மேல்நோக்கி இழுபடும். பிரேக்கிலும் பள்ளத்திலும் தலை முன்னால் சாயும். அப்போது இழுபடுவது கிளாம்ப். கீல் துளை மேலும் கீழுமாக முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் காரணம் இதுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் படுதாவை அவிழ்த்துவிடுங்கள். இழுத்துக் கட்டிய படுதா ஆட்டத்தை மறைத்துவிடும். ஒருவர் ஃப்ரேமின் மேல் சட்டத்தைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க, இன்னொருவர் கீல் போல்ட்டின் தலையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். போல்ட் அசையாமல் ஃப்ரேம் மட்டும் அசைந்தால் துளை தேய்ந்திருக்கிறது. கீலே அசைந்தால் அதை உடம்பில் பிடித்திருக்கும் போல்ட்டின் மரை போயிருக்கிறது. இரண்டும் அசையாமல் சத்தம் மட்டும் வந்தால் ஃப்ரேமுக்குள் கண்ணாடி ஆடுகிறது. அதற்குக் கீல் வேலை தேவையே இல்லை.

வாஷர், டியூப் ரப்பர்

அரை மணி நேர வேலை, செலவு சொற்பம். ஃப்ரேம் இடம் வலமாக நகர்வதை மட்டும் வாஷர் நிறுத்தும். துளை முட்டையாகிப் போன ஆட்டத்துக்கு அது மருந்தே இல்லை. சைக்கிள் டியூப்பை வெட்டிப் போல்ட்டில் சுற்றுவதைப் பல ஜீப்புகளில் பார்க்கலாம். ஒரு மாதத்தில் நசுங்கிவிடும். அதுவரை உப்புத் தண்ணீரையும் மண்ணையும் துளைக்குள் பிடித்து வைத்திருக்கும். வீடு வந்து சேர மட்டும் செய்யலாம்.

துளையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட்

பழைய வண்டிகளில் அங்குல மரைதான். 5/16 அங்குலத் துளையை 3/8-க்கு, அதாவது 7.94-இலிருந்து 9.53 மி.மீ.-க்குப் பெரிதாக்குவார்கள். கை டிரில்லைக் கொடுத்தால் பிட் முட்டையின் தேய்ந்த பக்கமே ஓடி, துளை கோணலாகும். துளையை அளவாக வழித்தெடுக்கும் ரீமர் போட்டால் தப்பலாம். துளையைச் சுற்றி 5 மி.மீ. இரும்பாவது மிஞ்ச வேண்டும் என்பதால் இதை ஒருமுறைக்கு மேல் செய்ய முடியாது. இரும்பின்மேல் இரும்பு உரசுவதும் மாறாது. அவசரத்துக்குச் சரி, அதற்கு மேல் மதிப்பில்லை.

இங்கே நடக்கும் இன்னொரு தவறு: 5/16 நட்டில் 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டை ஏற்றுவது. ஓரிரு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். மாற்றினால் போல்ட், நட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கன்மெட்டல் புஷ்

எங்கள் தேர்வு இதுதான்: துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் உட்காரும், வெண்கல வகை உலோகக் குழாய். ஃப்ரேமைக் கழற்றித் திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம் ஏதாவது லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் வண்டி நிற்கும். ஃப்ரேம் பக்கத் துளையை 12 மி.மீ.-க்கு உருண்டையாகக் குடைந்து, காலர் (விளிம்பு) வைத்த புஷ்ஷை ஏற்ற வேண்டும். புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். சுத்தியால் அடிக்காமல் வைஸில் வைத்து அழுத்துங்கள். உள்ளே போனதும் புஷ்ஷின் துளை கொஞ்சம் சுருங்கும். அதனால் கடைசி அளவான 8.05 மி.மீ.-க்கு ரீமரை அழுத்திய பிறகுதான் ஓட்ட வேண்டும். முன்கூட்டியே 8-க்குக் குடைந்து கொண்டுவந்து, போல்ட் நுழையவில்லை என்று அரத்தை எடுப்பது அன்றாடம் நடக்கிறது.

தகடு 3 மி.மீ.-க்கும் மெல்லியதாக இருந்தால் புஷ் நிற்காது. முதலில் 3 மி.மீ. வட்டத் தகடு ஒன்றை வெல்டு வைத்துத் தடிமன் ஏற்ற வேண்டும். வெல்டிங்குக்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

போல்ட் 8.8 தரம். புஷ்ஷுக்குள் இருக்கும் பகுதி மரையில்லாமல் மழமழப்பாக இருக்க வேண்டும். முழுக்க மரை வெட்டிய போல்ட் புஷ்ஷை அரம் போல அராவிவிடும். தானாகக் கழலாத நைலாக் நட்டை, பக்க ஆட்டம் நின்று, கையால் மடக்க முடிகிற அளவுக்கு மட்டும் முறுக்கினால் போதும். இரண்டு புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். கோடு தவறினால் பாதி மடிந்ததும் ஃப்ரேம் சிக்கும்.

புஷ்ஷுக்கு நைலான் போடலாமா? ஈரம் குடித்தால் நைலான் உப்பும். தென்காசி, செங்கோட்டைச் சாரலில் நிற்கும் வண்டியில் அது போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் அப்படி உப்பாது. உப்புக் காற்றிலும் அது இரும்பை அரிக்காது. உவரி, கூடங்குளம் கடற்கரை ஓட்டத்துக்கு நல்லது. தேரி மண்ணில் ஓடும் வண்டிக்கு மட்டும் அது வேண்டாம்: அந்தச் சிவப்பு மணல் டெல்ரினில் பதிந்துகொண்டு போல்ட்டைத் தேய்க்கும்.

புதுக் கீல் ஜோடி

கீல் வளைந்தோ வெடித்தோ போயிருந்தால் வேறு வழியில்லை. ஃப்ரேம் பக்கத் துளை தேய்ந்திருக்கும்போது புதுக் கீல் மட்டும் மாட்டினால் ஆட்டம் அப்படியே இருக்கும், காசுதான் போகும். கடையில் கிடைக்கும் நகல் கீல்களில் தகடு மெலிந்திருக்கும், துளைகளும் ஓரிரு மி.மீ. விலகும். பழைய கீலைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள். உடம்பில் மரை போயிருந்தால் உள்பக்கம் 3 மி.மீ. தகடு ஒன்றைத் தாங்கலாக வையுங்கள். ரிவெட் நட் வேகமாகும்தான், ஆனால் துருப்பிடித்த தகட்டில் சுழன்றுவிடும்.

மடக்கவே வேண்டாம் என்பவர்களுக்கு

அடியை வெல்டு வைத்து மூடிவிடுவது மோசமான வழி. ஜீப்பின் உடம்பு பள்ளத்தில் முறுகும், வெல்டு முறுகாது. தகடு கிழியும், இல்லையென்றால் கண்ணாடி வெடிக்கும். அதற்குப் பதில் 5 மி.மீ. பட்டையில் ‘எல்’ வடிவத் தாங்கி இரண்டு செய்து, நடுவில் 3 மி.மீ. ரப்பர் வைத்துப் போல்ட் பூட்டலாம். வண்டியை வருடத்தில் ஒருநாள்கூட மடக்கி ஓட்டாதவருக்குப் புஷ்ஷைவிட இது மலிவு, உறுதியிலும் குறைவில்லை.

எந்த வழியானாலும் அடி ரப்பரைப் புதிதாகப் போட வேண்டும். சாதாரண ஸ்பஞ்ச் தண்ணீரைக் குடித்துத் தகட்டை அரிக்கும். மூடிய துளையுள்ள இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பட்டைதான் வேண்டும். 12 மி.மீ. பட்டை கிளாம்ப் போட்டதும் 8-க்கு நசுங்கினால் சரி. காகிதத் துண்டை இடையில் வைத்து இழுத்துப் பாருங்கள்: நடுவில் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அழுத்தம் போதாது. கிளாம்ப் கடைசியில்தான், இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கால் சுற்று.

கண்ணாடி ஃப்ரேமுக்குள் ஆடினால் அதன் விளிம்பைக் கவ்வியிருக்கும் ‘யூ’ வடிவ ரப்பர் பீடிங்கை மாற்றுங்கள். குளியலறை சிலிக்கானைப் பிதுக்குவதைத் தவிருங்கள்: வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அமிலம் விட்டு ஃப்ரேமை உள்ளிருந்தே துருவாக்கும். அடிச் சட்டத்தின் வடிகால் துளைகளில் அடைத்த மணலையும் குத்தி எடுத்துவிடுங்கள். கண்ணாடியே வெடித்திருந்தால், இது தட்டைக் கண்ணாடி என்பதால் 5 அல்லது 6 மி.மீ. லேமினேட்டட் ஷீட்டிலிருந்து உள்ளூரிலேயே வெட்டிக்கொள்ளலாம்; டஃபண்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பின் வெட்ட முடியாது. ஃப்ரேமின் உள்ளளவிலிருந்து பக்கத்துக்கு 3 மி.மீ. குறைத்து அளவு கொடுங்கள்.