77 குதிரை 98 ஆன கதை: ட்யூனிங்குக்குப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

28,000 ரூபாய் போன கதை இது. கடையின் பெயரைப் போட மாட்டேன். கேட்டு யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம். எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்கிறேன், அது போதும்.

என்னிடம் இருப்பது 2014 போலோ டீசல். 1.5 லிட்டர் டி.டி.ஐ., பவர் 90 பி.எஸ். (அதாவது 90 குதிரைத்திறன்), டார்க் என்கிற முறுக்கு விசை 230 என்.எம். கோவையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டு பேர் வண்டியோடு கூடுவோம். டீக்கடையில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் "உன் வண்டி எத்தனை குதிரை?" என்பதில்தான் வந்து நிற்கும். ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பவன் 75 என்பான். ஃபிகோ 1.5 டீசல்காரன் 100 என்று நெஞ்சை நிமிர்த்துவான். ஆக்டேவியா ஆர்.எஸ். வைத்திருக்கும் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் டீ குடிப்பார். 230 இருக்கிறவருக்குப் பேச என்ன இருக்கிறது?

ஃபிகோவுக்கும் எனக்கும் நடுவில் பத்தே குதிரை. அந்தப் பத்துதான் என்னைக் கெடுத்தது.

ஊரிலேயே ஒரு கடையில் 'ஸ்டேஜ் 1' ரீமேப் (பார்ட்ஸ் எதையும் மாற்றாமல் என்ஜின் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றிப் பவர் ஏற்றுவது) செய்கிறார்கள், சொந்தமாக டைனோவும் (வண்டியை உருளை மேல் ஓட்டிப் பவரை அளக்கும் மெஷின்) வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "வண்டிய உட்டுட்டுப் போங்க தம்பி. முன்னாடி ஒரு ரன், பின்னாடி ஒரு ரன். பேப்பர்ல காட்டிட்டுத்தான் காசே வாங்குவேன்" என்றார். அளந்து காட்டுகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது சந்தேகப்படத் தோன்றுமா?

முதல் ரன்னை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முன் சக்கரம் இரண்டும் உருளை மேல், வண்டியைப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள், எதிரே ஆளுயர ஃபேன். நாலாவது கியரில் ஏற்ற ஏற்ற ஷெட்டே அதிர்ந்தது. பிரிண்ட் வந்தது. மேலே பெரிய எழுத்தில் 77. என் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "பத்து வருச வண்டி தம்பி, குதிரையெல்லாம் ஓடிப் போயிருக்கும். புடிச்சுட்டு வந்துரலாம்" என்றார். இரண்டாவது ரன் மறுநாள், நான் இல்லாதபோது நடந்தது. சாயங்காலம் போனபோது பேப்பர் தயாராக இருந்தது. 98. "112 வரும்னு சொன்னேன், நம்மூர் டீசல் தரம் அப்படி. ஆனா 21 ஏறியிருக்குதில்ல?" குறைத்துச் சொன்னதாலேயே முழுசாக நம்பிவிட்டேன். ஜி.பே. பண்ணிவிட்டுக் கிளம்பினேன்.

ஓட்டும்போதும் சந்தேகம் வரவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போதும், வண்டி துள்ளியது. மறு ஞாயிறு இரண்டு பேப்பரையும் மடிப்புக் கலையாமல் எடுத்துப் போனேன். ஃபிகோவைவிட இரண்டுதான் குறைவு, அதுவும் டைனோ சாட்சியோடு.

எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் பீளமேட்டுப் பக்கம் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறவர். கோவைக்காரனுக்கு எச்.பி. என்றால் முதலில் கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும், கார் அப்புறம்தான். அவர் பேப்பரை வாங்கி, பெரிய எண்ணைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் எறும்பு ஊர்வது போல இருந்த வரியைப் படித்தார்.

"ஏப்பா, இதுல வீல்னு போட்டிருக்குது, அதுல என்ஜின்னு போட்டிருக்குது. இதுல பி.எச்.பி., அதுல பி.எஸ். பார்த்தியா இல்லியா?"

பார்க்கவில்லை.

"அஞ்சு எச்.பி. மோட்டார் போட்டா, தண்ணியில அஞ்சு எச்.பி. வந்துருமா? நடுவுல பம்ப்பு தின்னது போகத்தான வரும்?"

அங்கேயே டீக்கடை பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார். முதல் பேப்பரில் 77 என்பது சக்கரத்தில் அளந்தது, பி.எச்.பி. கணக்கில், கரெக்‌ஷன் (வெப்பம், காற்றழுத்தத்துக்காகப் பெருக்கும் எண்) 1.00, அதாவது அளந்தது அப்படியே. ஒரு பி.எச்.பி. 745.7 வாட், ஒரு பி.எஸ். 735.5 வாட். அதனால் 77 பி.எச்.பி. என்பது 78 பி.எஸ். ஆகிறது. (புகைக்குப் போடுகிற பி.எஸ். 4, பி.எஸ். 6 வேறு. இது ஜெர்மன்காரர்களின் குதிரைக் கணக்கு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிவது நம் தலையெழுத்து.) இரண்டாவது பேப்பரில் கியர்பாக்ஸ், டயர் எல்லாம் தின்னும் பங்கு என்று 13 சதவீதத்தைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். 78-ஐ 0.87-ஆல் வகுத்தால் 90. அதற்கு மேல் டி.ஐ.என். கரெக்‌ஷன் என்று 1.09. 90-ஐ 1.09-ஆல் பெருக்கினால் 98.

பில்லில் கடைசியாக 98 என்று எழுதிச் சுழித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு குதிரைகூட ஏறவில்லை. முதல் பேப்பரும் இரண்டாவது பேப்பரும் ஒரே என்ஜின், ஒரே பவர். நடுவே நடந்தது பெருக்கல் வகுத்தல் மட்டும். ஒரே நல்ல செய்தி, பத்து வருடம் கழித்தும் என் வண்டி கம்பெனி சொன்ன அதே 90-ல் இருக்கிறது. ஓடிப் போன குதிரை ஒன்றும் இல்லை. கம்பெனி சொல்வது என்ஜினில் அளந்தது, கடைக்காரர் முதலில் காட்டியது சக்கரத்தில் அளந்தது. அவ்வளவுதான்.

அந்த 1.09 பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்ற வசதியான இடம் அதுதான். டி.ஐ.என். கணக்கு 20 டிகிரி வெப்பம், 1013 மில்லிபார் காற்றழுத்தத்துக்கு மாற்றிச் சொல்லும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல், காற்று கொஞ்சம் லேசு. அதோடு வெப்பம் 42 டிகிரி என்று அடித்துவிட்டால் 1.09 தானாக வரும். டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத வண்டிக்காவது இதில் நியாயம் உண்டு. டர்போ வண்டியில் குறைகிற காற்றைப் பெரும்பாலும் டர்போவே ஈடு கட்டிவிடும், அதற்கு இதை முழுசாகப் போடுவதே சலுகை. போடுவதென்றால் இரண்டு ரன்னுக்கும் போட வேண்டும்தானே? கடைக்காரர் பின்னாடி ரன்னுக்கு மட்டும் போட்டிருந்தார்.

அப்போ வண்டி துள்ளியது எப்படி? அதற்கும் விடை கிடைத்தது. தெரிந்த ஒருவர் ஈ.சி.யு. (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஃபைலைப் படித்து, ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டீசல் அளவு, டர்போ அழுத்தம் எதிலும் கை வைக்கவில்லை. மாறியிருந்தது பெடல் கணக்கு மட்டும். இப்போதைய வண்டிகளில் பெடலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் கேபிள் கிடையாது, நாம் மிதிப்பது ஒரு சென்சாரை. 30 சதவீதம் மிதித்தால் 50 கேட்டதாக எடுத்துக்கொள் என்று எழுதிவிட்டால் வண்டி சீறும். முழுசாக மிதித்தால் பழைய வண்டிதான்.

செங்கப்பள்ளிப் பக்கம் ரோடு காலியாக இருந்த ஒரு விடியற்காலையில், நாலாவது கியரில் 60-லிருந்து 100 போக எவ்வளவு நேரம் என்று பக்கத்து சீட்டில் நண்பனை வைத்து வீடியோ எடுத்தோம். முன்பு எடுத்த பழைய வீடியோவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கால் செகண்டுகூட இல்லை. 28,000-க்கு முன்னாடியே இதைச் செய்திருக்கலாம்.

கடைக்குத் திரும்பப் போனேன். இரண்டு பேப்பரையும் மேஜையில் வைத்தேன். "சாஃப்ட்வேர் அப்படித்தான் பிரிண்ட் எடுக்கும் தம்பி" என்றார். சரி, இப்போதே வண்டியை ஏற்றி வீல் கணக்கில், கரெக்‌ஷன் இல்லாமல் ஒரு ரன் ஓட்டுங்கள் என்றேன். மெஷின் சர்வீஸில் இருக்கிறதாம். ஒரிஜினல் ஃபைலையாவது திரும்ப ஏற்றிக் கொடுங்கள் என்றால், பேக்கப் எடுக்கவில்லையாம். 1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் போட்டிருக்கிறேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று சொன்ன பிறகுதான் குரல் இறங்கியது. 12,000 திரும்ப வந்தது. ஜி.எஸ்.டி. பில் வாங்காமல் விட்டது என் தப்பு, அதனால் மீதியைப் பிடித்து இழுக்க முடியவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், முன்னாடி ரன்னும் பின்னாடி ரன்னும் ஒரே நாளில், ஒரே கியரில், உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். இரண்டு கோடும் ஒரே பேப்பரில், ஒரே அளவில் கேளுங்கள். தனித்தனிப் பேப்பர் தந்தால் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரிஜினல் ஃபைலை பென் டிரைவில் வாங்கிக்கொண்டு அப்புறம் காசு கொடுங்கள். கோட்டில் ஒரு இடத்தைத் தொட்டு நீங்களே சரிபார்க்கலாம்: என்.எம்.-ஐ ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் அந்த இடத்தின் பி.எஸ். வரும். வரவில்லையென்றால் என்.எம். கோடும் பவர் கோடும் ஒரே கணக்கில் போட்டது இல்லை. உண்மையாகவே பவர் ஏற்றினால் இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறது. எனக்கு அந்தக் கவலை வரவில்லை, ஏறியிருந்தால்தானே.

கடைச் சுவரில் என் போலோ படம் ஒன்று மாட்டியிருந்தார்கள், கீழே '77 → 98' என்று சிவப்பில். எடுக்கச் சொன்னதற்கு "எடுத்துர்றேன் தம்பி" என்றார். போன வாரம் ஃபிகோ நண்பன் அந்தப் பக்கம் போயிருக்கிறான். இன்னும் அங்கேதான் தொங்குகிறதாம், இப்போது லேமினேட் பண்ணி.