வட்டியில்லாத அட்வான்ஸை அடைக்க வட்டிக்கு வாங்கின கதை: எங்க ஊரு கூட்டமைப்பு கடன் ரிவியூ

பிரியாணிக் கடைக்கும் மிக்ஸிக்கும் ஆளாளுக்கு ரிவியூ போடுறாங்க, கடனுக்கு மட்டும் ஒருத்தரும் எழுதுறதில்ல, வாங்குறது என்னமோ வீட்டுக்கு வீடு வாங்குறோம். அதான் நானே எழுதிடலாம்னு உக்காந்தேன். எங்க ஊரு ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல ஒரு கடக்கரை. எங்க வீட்டுக்காரவுக வல்லத்துல, அதாவது சின்னப் படகுல, தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் நண்டு வலை போடுறாக, நான் முன்னாடி கடல்பாசி எடுக்கப் போயிட்டு இருந்தேன், இடுப்பு வலி தாங்காம விட்டுட்டு இப்ப வீட்டுல தையல். 2023 அக்டோபர்ல கேட்டு டிசம்பர்ல கைக்கு வந்து 2025 நவம்பரோட அடைச்சு முடிச்ச 40,000 ரூபா கடனைப் பத்தித்தான் இது. குடுத்தது எங்க ஊராட்சி மகளிர் குழுக் கூட்டமைப்பு, ஊராட்சியில இருக்கிற மகளிர் குழுவெல்லாம் சேர்ந்த அமைப்பு.

மொதல்ல எதுக்கு வாங்கினேன்னு சொல்லணும், அதுலதான் விஷயமே இருக்கு. எங்களுக்கு ஏற்கனவே ஒரு நண்டு கம்பெனியில 30,000 அட்வான்ஸ் நின்னுச்சு. நீலக்கால் நண்டை வாங்கி அவிச்சு சதை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புற கம்பெனிக்கு எங்க ஏரியாவுல இடம் வச்சு நண்டு வாங்கிக் குடுக்குறவங்க இருக்காங்கல்ல, அந்த மாதிரி ஒரு இடம், பேரு வேணாம். இன்ஜின் மக்கர் பண்ணினப்பவும் வலை கிழிஞ்சப்பவும் கேட்ட உடனே எடுத்து நீட்டுனாங்க, பேப்பர் இல்ல, ஜாமீன் இல்ல, முக்கியமா வட்டி இல்ல. "வட்டின்னு ஒத்த பைசா வேணாம்ணே, நண்டை மட்டும் நம்மகிட்டயே போடுங்க"ன்னாங்க. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அந்த ஆளு மேல அம்புட்டு மரியாதை.

ஒரு நா பக்கத்து வீட்டு மதினி அவுக வீட்டு நண்டுக்கு என்ன விலை கிடைச்சுச்சுன்னு சும்மா பேச்சுவாக்குல சொன்னாக. எங்களுக்குக் கிடைச்சதை விட கிலோவுக்கு 40 ரூபா கூட. அதே நாளு, அதே கடலு, அதே சைஸ் நண்டு. அவுகளுக்கு அட்வான்ஸ் கிடையாது, அம்புட்டுத்தான் வித்தியாசம். நான் தையல் அளவு எழுதுற நோட்டுல கணக்கு போட்டேன். சராசரியா ஒரு நாளைக்கு 5 கிலோ, மாசம் 20 நாள் தொழில், 40 ரூபா வீதம் மாசம் 4,000 ரூபா போகுது. 30,000க்கு மாசம் 4,000ன்னா நூத்துக்கு 13 ரூபா வட்டிக்கு மேல வருது, அதுவும் அசல் ஒத்த ரூபா குறையாம அப்படியே நிக்குது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ரெண்டு வருஷமா இதை "வட்டியில்லாத காசு"ன்னு நானே நாலு பேருகிட்ட பெருமையா சொல்லிட்டு இருந்தவ.

இதுல தண்டல்காரன் எவ்வளவோ தேவலன்னு தோணுச்சு, அது தேவலன்னு இல்ல, அவன்கிட்ட கணக்காவது கண்ணுக்குத் தெரியும். 10,000ன்னு எழுதி 1,500 பிடிச்சுட்டு 8,500 கையில குடுப்பான், தினம் 100 ரூபா, 100 நாளு. 1,500 தானேன்னு தோணும், ஆனா தினமும் அசலைத் திருப்பிக் குடுத்துக்கிட்டே வர்றோம், அதை வச்சுப் பாத்தா வருஷக் கணக்குல நூத்துக்கு 120 பக்கம் வந்து நிக்கும். கந்துவட்டிக்கு 2003லயே தடைச் சட்டம் வந்தாச்சு, 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 30,000 வரைக்கும் அபராதம்னு இருக்கு, மிரட்டி வசூல் பண்றதுக்கு எதிரா 2025லயும் தனியா ஒரு சட்டம் போட்டாங்க. எங்க பக்கம் ஸ்டேஷனுக்கு யாரு போறா, அடுத்த கச்சான் காத்துல, தென்கடல்ல காத்து ஏறி வல்லம் கரையில கிடக்கிற மாசங்கள்ல, அடுப்பு எரியலன்னா திரும்ப அவன் வாசல்லதானே போய் நிக்கணும்.

வாரக் குழுவும் பாத்தாச்சு. காலையில ஏழு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில உக்கார வச்சு வசூல் பண்ணுவாங்களே, அந்த மைக்ரோ பைனான்ஸ். அதுக்கு முந்தி ஒரு தடவை 30,000 வாங்கினேன், வாரம் 660, 52 வாரம், மொத்தம் 34,320. வட்டி 4,320, நூத்துக்கு 14 தானே பரவால்லன்னு நினைச்சேன். அவங்க குடுத்த கார்டை ஒழுங்கா படிச்சா 27 சதவீதம்னு போட்டிருக்கு. என்னடா ஏமாத்துறாங்களான்னு என் தம்பிகிட்ட கேட்டா அவன்தான் விளக்குனான், முழு 30,000 உன் கையில ஒரு வாரம்தான் இருந்துச்சு, பாதி வருஷம் போனப்ப பாதி காசைத் திருப்பிக் குடுத்துட்ட, அப்ப 27தான் உண்மையான கணக்கு, 14ங்கிறது நீயா நினைச்சுக்கிட்டதுன்னான். ஏமாத்தலன்னு வைங்க, கார்டுல போட்டுத்தான் இருந்தாங்க. 2022 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி வட்டி விவரத்தை எழுதிக் குடுக்கணும், வீட்டு மாச வருமானத்துல பாதிக்கு மேல தவணை வராத மாதிரிதான் கடன் குடுக்கணும், முன்கூட்டியே அடைச்சா அபராதம் கேக்கக் கூடாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வசூலுக்கு கூப்பிடவும் கூடாது. இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, வர்ற பசங்க யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டாங்க. என் பிரச்சனை வட்டி இல்ல, வாரம். கடலு வாரக் கணக்குல நடக்காது. பத்து நாள் காத்து ஏறி நின்னா வல்லம் கரையிலதான் கிடக்கும், அவங்க வியாழக்கிழமை ஆனா வந்து நிப்பாங்க, நான் கட்டலன்னா என்கூட இருக்கிற மத்த பொம்பளைங்க கட்டணும், அந்த முகத்தைப் பாக்குறதுக்கு கம்மலை அடகு வச்சிடலாம். வச்சேன்.

பேங்க் பக்கமும் போனேன். விவசாயிங்களுக்குக் கடன் குடுக்கிற கிசான் கார்டு மீன் தொழிலுக்கும் உண்டுன்னு 2018-19 பட்ஜெட்டுலயே சொல்லிட்டாங்க, 7 சதம் வட்டி, ஒழுங்கா கட்டினா 4 சதம்தான் வரும். மேனேஜர் இல்லைன்னும் சொல்லல, தர்றேன்னும் சொல்லல, ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பேப்பர் கேட்டாரு. உங்களுக்கு கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்குங்க, வட்டிக்கு வாங்குறதுல அதை விட சல்லிசா நான் எதையும் பாக்கல.

சரி, கூட்டமைப்புக்கு வர்றேன். நம்ம குழு தீர்மானம் எழுதி ஊராட்சி கூட்டமைப்புக்கு அனுப்பணும், அங்க சமுதாய முதலீட்டு நிதின்னு ஒரு காசு சுத்திக்கிட்டே இருக்கும், அதுல இருந்து குழு அக்கவுண்டுக்கு வந்து நமக்கு வரும். ரூபா வட்டி, அதாவது மாசம் நூத்துக்கு ஒரு ரூபா, அதுவும் குறையக் குறைய. மாசம் 2,000 அசல், மொத மாசம் வட்டி 400, கடைசி மாசம் வெறும் 20 ரூபா. 20 மாசத்துக்கு மொத்த வட்டி 4,200. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக் காட்டுறேன், அங்க 30,000 ஒரு வருஷத்துக்கு 4,320, இங்க 40,000 இருபது மாசத்துக்கு 4,200. அந்த வட்டியும் வெளியூருக்குப் போகாது, குழுவுக்கும் கூட்டமைப்புக்கும் போய் அடுத்தவளுக்கு கடனா வரும்.

வீட்டுல சொன்னப்ப பெரிய சண்டை. "வட்டியே இல்லாத காசை அடைக்க வட்டிக்கு வாங்கப் போறியா, உனக்கு கிறுக்கு பிடிச்சுருச்சா"ன்னாக. நோட்டைக் காட்டுனேன், பாக்கல. மறுநா மதினி வீட்டு நண்டையும் எங்க நண்டையும் ஒரே நேரத்துல எடை போட வச்சு ரெண்டு துண்டுச் சீட்டையும் கையில குடுத்தேன். பேசாம டீக்கடைக்குப் போயிட்டாக. காசு வந்த அன்னைக்கு 30,000த்தை அவுகதான் கொண்டு போய் கம்பெனியில எண்ணிக் குடுத்துட்டு வந்தாக, மிச்சம் 10,000க்கு வலை எடுத்தோம். அடுத்த மாசத்துல இருந்து கூடுதலா வந்த அந்த 40 ரூபாயிலேயே தவணை போக மிச்சமும் நின்னுச்சு.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு, கச்சான். வைகாசி கடைசியில தென்கடல்ல காத்து ஏறிடும், வல்லக்காரங்களுக்கு தடைக்காலம் கிடையாதுங்கிறது பேப்பர்லதான், ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடை விசைப்படகுக்கு, எங்களுக்கு தடை போடுறது காத்து. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூணு மாசம் வட்டி மட்டும் கட்டினா போதும்னு குழுவுல தீர்மானம் போட்டாங்க. அப்ப என் பாக்கி 30,000, மாசம் 300 மட்டும் கட்டினேன். ஆக மொத்தம் 900 கூட ஆகி வட்டி 5,100ல முடிஞ்சுச்சு. அந்த 900க்கு நான் ரெண்டு கையெடுத்துக் கும்பிடுவேன். கேக்கும்போது யாரும் ஏன் எதுக்குன்னு கேக்கல, எல்லார் வீட்டு வல்லமும் கரையிலதான் கிடந்துச்சு, ஜன்னலைத் திறந்தா தெரியுது. அடுத்த வருஷ கச்சானுக்கு பாக்கி 12,000தான் இருந்துச்சு, நாங்க சலுகை கேக்கல, தையல் காசுல கட்டிட்டேன்.

இப்ப குறைகள். நிறைய இருக்கு.

அவசரத்துக்கு இது ஆகவே ஆகாது. அக்டோபர்ல எழுதிக் குடுத்தது டிசம்பர்லதான் வந்துச்சு, நண்டு நல்லா படுற காலத்துல ஆறு வாரத்துக்கு மேல பழைய வலையோடயே கிடந்தோம். கையெழுத்துப் போட வேண்டிய ஒரு அக்கா மக பிரசவத்துக்கு மதுரைக்குப் போயிட்டாக, அதுக்கு பத்து நாள். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா கூட்டமைப்பு கதவு திறக்காது, நண்டு கம்பெனிக்காரன் திறப்பான், அதையும் சொல்லித்தான் ஆகணும். அட்வான்ஸை அடைச்சதுக்கு அப்புறம் இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு, எல்லாருக்கும் நண்டு அள்ளிக்கிட்டு வர்ற நாள்ல தன்கிட்ட கடன்பட்டவன் நண்டைத்தான் மொதல்ல எடை போடுறாங்க, நாங்க வெயில்ல கூடையோட நிக்கணும். ரெண்டு மூணு நா விலையைக் குறைச்சுக்கிட்டுத்தான் போட்டோம்.

யாருக்கு மொதல்ல குடுக்கிறதுங்கிறதுல சொந்தபந்தம் பாக்குறாங்க, இல்லைன்னு சொன்னா பொய். எனக்குப் பின்னாடி எழுதிக் குடுத்த ஒருத்திக்கு எனக்கு முன்னாடி வந்துச்சு, கேட்டேன், அவளுக்கு ஆபரேஷன்னாங்க, ஆபரேஷன் நடந்த மாதிரி தெரியல. கணக்கு எழுதுறது ஒரே ஆளு, என் பாஸ்புக்குல ரெண்டு மாசம் பதியாம விட்டுட்டாங்க, நான் ரசீது வச்சிருந்ததால தப்பிச்சேன். குழுக்கூட்டத்துக்கு போகலன்னா பத்து ரூபா அபராதம், போனா ரெண்டு மணி நேரம், அதுல ஒன்றரை மணி நேரம் அடுத்த வீட்டு மருமக கதை. குழுவுல இல்லாதவங்களுக்கு கிடையாது, புதுசா சேந்தாலும் ஆறு மாசமாவது சேமிப்பும் கூட்டமும் ஒழுங்கா நடந்தாத்தான் பேங்க் கடனுக்கு குழுவைத் தரம் பாப்பாங்க. கல்யாணம் ஆகாத என் கொழுந்தன் மாதிரி ஆம்பளப் பசங்களுக்கு இதுல ஒரு வழியும் இல்ல. அவங்கதான் தண்டலுக்கு நேரா போய் விழுறாங்க.

பெரியபட்டினத்துல இருக்கிற என் ஸ்கூல் தோழிகிட்ட இதைச் சொன்னா, அவ ஜமாத் பைத்துல்மால்ல, அதாவது ஜமாத் நடத்துற பொது நிதியில, நகையை வச்சு வட்டியே இல்லாம வாங்கினேன்னா. நெசமான வட்டியில்லாக் கடன், நண்டும் கேக்கல ஒண்ணும் கேக்கல, குறிச்ச தேதியில திருப்பினா நகை வந்துரும். தொகை சின்னது, நகை வேணும், அங்கங்க விதி வேற வேற. உங்க ஊருல இருந்தா மொதல்ல அங்க விசாரிங்க.

புதுசா சேரப் போறவங்க தீர்மான நோட்டையும் கடன் லெட்ஜரையும் காட்டச் சொல்லிப் பாருங்க. காட்டத் தயங்குனா அந்தக் குழுவுல சேராதீங்க. கச்சானுக்கோ வாடைக்கோ தவணையைத் தள்ளி வச்ச பழைய தீர்மானம் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க, வடகடல் பக்கத்துக்காரங்களுக்கு கஷ்டம் வாடையிலதான் வரும், கச்சான் கணக்கை அப்படியே எழுதி வச்சிருந்தா பிரயோஜனமில்ல. வட்டி குறையுற பாக்கிக்கா, மொத்தத்துக்கான்னு வாயால கேக்காம எழுத்துல வாங்குங்க.

அஞ்சுக்கு மூணரை குடுக்குறேன். அரை மார்க்கு அந்த ஆபரேஷனுக்கு, ஒரு மார்க்கு ஆறு வாரத்துக்கு.

எங்க வீட்டுக்காரவுக இப்ப புது இன்ஜினுக்கு எழுதிப் போடுன்னு தினமும் நச்சரிக்கிறாக, கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு கேட்ட அதே மனுஷன்தான். போன கூட்டத்துல எழுதிக் குடுத்துட்டேன். எனக்கு முன்னாடி லிஸ்ட்டுல பதினோரு பேரு இருக்காங்க.