சிஐடி: இத்தனை வருடம் பார்த்தவன் சொல்கிறேன்

சோனி டிவியின் இந்தி துப்பறியும் தொடரான சிஐடியை 1998-ல் அது தொடங்கிய கொஞ்ச நாளிலிருந்தே பார்த்து வருகிறேன். பெரம்பூர் பக்கம் எங்கள் தெருவில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள் சில உண்டு, அவர்களிடமிருந்துதான் இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குத் தொற்றியது. எங்கள் ஆயாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தொடரில் வரும் போலீஸ் உதவி கமிஷனர், ஏசிபி பிரத்யுமன் கையைத் தூக்கி விரல்களைச் சுழற்றினாலே "புட்ச்சிட்டாருடா" என்று சொல்லிவிடும், அதற்கு மேல் மொழி எதற்கு?

நல்ல துப்பறியும் கதை வேண்டும் என்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். ஒரு பிணம், சந்தேகத்துக்கு நாலு பேர், டாக்டர் சாலுங்கேவின் தடயவியல் லேப், கடைசியில் கன்னத்தில் ஓர் அறை விழுந்ததும் குற்றவாளி எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். நாள்கணக்கில் ஆகிற டிஎன்ஏ சோதனை இங்கே ஒரே காட்சியில் முடியும், அப்புறம் போலீசிடம் தந்த ஒப்புதலை வைத்து நம் நீதிமன்றத்தில் தண்டனை வாங்க முடியாது என்பதெல்லாம் இந்தத் தொடருக்குக் கணக்கே இல்லை.

ஆனால் அந்த ஆட்கள்! ஏசிபியாக வரும் சிவாஜி சாட்டம் நடிக்க வருமுன் வங்கியில் காசாளராக இருந்தவர், அந்த நிதானம் ஏசிபியிடம் அப்படியே இருக்கிறது, கத்தாமலே மிரட்டுவார். தயானந்த் ஷெட்டி குண்டு எறிதல், வட்டு எறிதல் வீரர், அதனால்தான் அவர் நடிக்கும் இன்ஸ்பெக்டர் தயா கதவை உடைக்கும்போது நமக்குச் சந்தேகமே வருவதில்லை. என்னைக் கேட்டால் மூவரில் பெரிய நடிகர் ஆதித்ய ஸ்ரீவாஸ்தவாதான். பழைய நினைவுகளைத் தொலைத்த அபிஜித், தன்னையே முழுசாக நம்ப முடியாத ஓர் அதிகாரி, அதை அவர் பெரும்பாலும் கண்ணாலேயே காட்டிவிடுவார், லேபில் இருக்கும் டாக்டர் தாரிகாவைப் பார்த்து அவர் வழிவதும் அதற்கு சாலுங்கே எரிந்து விழுவதும் தனி சுகம். 2004-ல் 111 நிமிட எபிசோடு ஒன்றை நடுவில் கட் இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்து கின்னஸில் இடம் பிடித்தார்கள். தயாரிப்பாளர் பி.பி. சிங் ஒளிப்பதிவு தெரிந்தவர், சரி, ஆனால் யாராவது ஒருவர் வசனத்தை மறந்தால் முதலிலிருந்து எடுக்க வேண்டும், இத்தனை பேரும் ஒருவரை ஒருவர் அந்த அளவுக்குப் பழகியிருந்தால்தான் அது நடக்கும்.

2018 அக்டோபரில் நிறுத்தியபோது நிஜமாகவே வருத்தமாக இருந்தது. 2024 டிசம்பரில் திரும்பி வந்தார்கள், ஆனால் ஃப்ரெடி இல்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்த தினேஷ் பட்னிஸ் 2023 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். விசாரணை இறுகும்போதெல்லாம் நடுவில் வந்து சிரிக்க வைத்த மனிதர், அந்த இடத்தை இன்னும் யாராலும் நிரப்ப முடியவில்லை.

புதுசில் எனக்குப் பிடிக்காதது 2025-ல் ஏசிபியைச் சாகடித்து, பார்த் சம்தானைப் புது ஏசிபியாகக் கொண்டுவந்து, பிறகு பழையவரையே திருப்பிக் கூட்டி வந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்த ஒரு பாத்திரத்தின் சாவை இப்படிச் செய்யக் கூடாது. பார்த் சம்தான்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவருக்குக் கிடைத்த இடம் அப்படி.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் நெட்ஃபிளிக்ஸில் இருக்கும் புதுசிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். யூடியூபில் பழைய எபிசோடுகள் நிறையக் கிடக்கின்றன, தயாவும் அபிஜித்தும் சேர்ந்து அலையும் கேஸாகப் பார்த்து எடுங்கள், இந்தி தெரியாவிட்டாலும் ரெண்டு மூன்று பார்த்தால் பிடிபட்டுவிடும்.