ஒரே வகுப்பு, இரண்டு வழி: சிறிய பொறியியல் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே போன் வர ஆரம்பித்துவிடும். “சார், சிஎஸ்-ல கொஞ்சம் சீட்டுதான் பாக்கி. ஒரு பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.” பேசுவது ஊருக்கு வெளியே பைபாஸை ஒட்டியிருக்கும் ஏதோ ஒரு சிறிய சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் அட்மிஷன் ஆபீஸாக இருக்கும். பிள்ளைக்கு எங்காவது ஓர் இடம் அமைந்துவிட வேண்டுமே என்று தவிக்கும் பெற்றோருக்கு அந்தக் குரல் பெரிய ஆறுதல். நகையை அடகு வைத்தாவது அந்தப் பத்தாயிரத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

அதே கல்லூரியின் அதே வகுப்புக்கு, மதிப்பெண் தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் அரசின் கவுன்சிலிங் (கலந்தாய்வு) வழியாகவும் போகலாம். பாடம் ஒன்று, ஆசிரியர் ஒருவர், அண்ணா பல்கலைக்கழகத் தேர்வும் ஒன்று. பட்டச் சான்றிதழில் எந்தக் கோட்டா என்று எழுதியிருக்காது. ஆனால் செலவு, சலுகை, பேரம் பேசும் பலம் எல்லாமே மாறிவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்ப்பது சிறிய கல்லூரி என்றால் கவுன்சிலிங்தான் முதல் வழி. அது முடியும்வரை யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். பெயர்பெற்ற கல்லூரிகளில் ஓர் இடத்துக்குப் பல பேர் காத்திருக்கிறார்கள். சிறிய கல்லூரிகள் பலவற்றில் கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடிந்த பிறகும் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அவசரம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

பணத்திலிருந்து தொடங்குவோம். சிறுபான்மையினர் அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். மீதி நிர்வாக ஒதுக்கீடு, அதாவது மேனேஜ்மென்ட் கோட்டா. 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த கணக்குப்படி அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. நீங்கள் சேரும் ஆண்டுக்கான அரசாணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கிலேயே நான்கு ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது.

சலுகைகளைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கவுன்சிலிங் வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேருபவருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் இது கிடையாது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை அவசரப்படுத்தி மேனேஜ்மென்ட் சீட்டில் உட்கார வைப்பதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது. கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம், செலவே இல்லாமல் கிடைத்திருக்கக்கூடிய படிப்புக்குக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும். 69 சதவீத இட ஒதுக்கீடும் கவுன்சிலிங்கில்தான் நடைமுறையில் இருக்கிறது. மேனேஜ்மென்ட் பக்கம் நிர்வாகம் வைத்ததுதான் வரிசை.

“என் பையனுக்கு மார்க் கம்மி, கவுன்சிலிங்கில் என்ன கிடைக்கும்?” என்பது அடுத்த பயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணிதத்தில் 78, இயற்பியலில் 70, வேதியியலில் 74 வாங்கிய ஒரு மாணவர். கணிதம் அப்படியே 78, மற்ற இரண்டும் பாதியாக 35, 37. கட்-ஆஃப் 200க்கு 150. கோயம்புத்தூர், சென்னையின் பெரிய கல்லூரிகளுக்கு இது போதாது. ஆனால் சொந்த மாவட்டத்துச் சிறிய கல்லூரிகளுக்கு இது நல்ல கட்-ஆஃப். முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மார்க்கில், எந்தச் சமூகப் பிரிவுக்கு முடிந்தது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. போனில் “சீட்டு முடியப் போகுது” என்று சொன்ன கல்லூரியின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். பாதி பதற்றம் அப்போதே குறைந்துவிடும்.

கவுன்சிலிங்கின் பலம் முழுக்க சாய்ஸ் நிரப்புவதில் இருக்கிறது. பலரும் அதில்தான் சொதப்புகிறார்கள். மேலே இருக்கும் சாய்ஸ் கிடைக்காவிட்டால் கீழே இருப்பதும் போய்விடும் என்று பயந்து, கிடைக்கக்கூடியதை முதலில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எதுவும் போகாது. பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் கணினி ஒதுக்கும். அதனால் எது வேண்டுமோ அது முதலில், கிடைக்க வாய்ப்பில்லை என்று தோன்றினாலும் சரி. எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து சாய்ஸோடு நிறுத்தியவர்கள்தான் கடைசியில் எதுவும் கிடைக்காமல் நிற்கிறார்கள். இன்னொரு விஷயம், கல்லூரிக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால் பெயரைப் பார்த்து டிக் செய்யாமல் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் சில வழிகள் காட்டும்: ஏற்றுச் சேருவது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்கும் காத்திருப்பது, வேண்டாம் என்று சொல்லி மேல் சாய்ஸுக்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, விலகுவது. கையில் ஓர் இடத்தை வைத்துக்கொண்டே அதைவிட நல்லதுக்குக் காத்திருக்கும் இரண்டாவது வழி மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையவே கிடையாது. ஆனால் எதை அழுத்தினாலும் குறித்த நாளுக்குள் உறுதிசெய்தாக வேண்டும், இடத்தை ஏற்றுக்கொண்டால் பணமும் கட்டியாக வேண்டும். தேதியைத் தவறவிட்டால் இடம் போய்விடும், யார் சொன்னாலும் திரும்பாது.

சரி, மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரே ஒரு கல்லூரி, அதில் பிள்ளைக்குப் பிடித்த ஒரே பிரிவு, அந்தப் பிரிவின் அரசு இடங்கள் உங்கள் கட்-ஆஃபுக்கு மேலேயே முடிந்துவிடுகின்றன என்றால் கேட்பதில் தப்பில்லை. உடல்நிலை காரணமாகப் பிள்ளையை வெளியூர் விடுதிக்கு அனுப்ப முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. சேருவது கம்ப்யூட்டர் சயின்ஸாக இருக்க வேண்டும், அதற்குக் கட்டவும் வசதியிருக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் யோசித்து எடுக்கும் முடிவு அது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் 60 சதவீதம் கேட்கின்றன. பணம் கொடுத்து வாங்கிய பிரிவு அந்த மார்க்கை மாற்றாது.

எந்த வழியில் போனாலும் கல்லூரியை நேரில் பார்க்காமல் சேராதீர்கள். அதுவும் ஒரு வேலை நாளில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். அட்மிஷன் ஆபீஸின் ஏசி அறையைத் தாண்டி லேபுக்குப் போங்கள். கம்ப்யூட்டர்கள் உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா? கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் “இந்த செமஸ்டர்ல எத்தனை சார் மாறினாங்க?” என்று கேட்டால் உண்மை வந்துவிடும். ஒரே பேராசிரியரின் பெயரைப் பல கல்லூரிகள் தங்கள் ஆசிரியராகக் கணக்கில் காட்டியிருந்ததை 2024இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. இணையதளத்தில் போட்டிருக்கும் ஆசிரியர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போய், அதில் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். என்பிஏ அங்கீகாரம் பிரிவுக்குத் தரப்படுவது, கல்லூரிக்கு அல்ல. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி ஐடிக்கு ஆள் சேர்ப்பார்கள்.

சிறிய கல்லூரி என்பதாலேயே அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் துறைத்தலைவருக்குப் பிள்ளையின் பெயரும் ஊரும் தெரிந்திருக்கும். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அது பெரிய துணை. ஆனால் சேர்க்கை தொடர்ந்து குறைந்தால் ஒரு பிரிவையே மூடிவிடவும் கூடும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

மேனேஜ்மென்ட் சீட்டுதான் என்று முடிவாகிவிட்டால் காகிதத்தில் கறாராக இருங்கள். நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆனாலும் கட்டட நிதி, பயிற்சிக் கட்டணம் என்று வேறு பெயரில் கேட்பார்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தலைப்பு வாரியாக ரசீது வாங்குங்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும், குறித்த தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிகள். இவற்றைச் சேருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் பஸ் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர முடியாது என்றால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். துணைக் கலந்தாய்வு இன்னும் பாக்கி இருக்கும்.