ஆட்டுப்பால் சீஸுக்குச் செம்புக் கிடாரம்: 9 கோடைகளின் அனுபவம்

போன கிழமை கிடாரம் திருத்த வேலை முடிந்து வீட்டுக்கு வந்தது. அடியில் இருந்த நெளிவைச் செம்பு வேலைக்காரர் தட்டி நிமிர்த்தியிருந்தார். படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். உடனே கேள்வி வந்தது: "அக்கா, அடுத்த கோடையில நாங்களும் ஆடுகளோட மலை ஏறப்போறம். செம்பு வாங்கிறதா, எவர்சில்வரா?"

சுவிஸ் நாட்டின் கிராபுண்டன் மாநிலத்தில் 1,900 மீட்டர் உயரத்தில் என் கணவர் வீட்டாரின் மேய்ச்சல் மலை இருக்கிறது. 45 ஆடுகள். ஜூன் நடுவில் ஏறினால் ஏறக்குறைய 100 நாள். மாமா மேய்ப்பார், கணவர் கறப்பார், மாமியும் நானும் சீஸ் போடுவோம். 150 லீட்டர் கிடாரம், விறகடுப்பு.

சூடு பிடிப்பதில் இதற்கு இணை இல்லை. ஆட்டுப்பால் மாட்டுப்பால் போல இறுக உறையாது. ஒரு பக்கம் சூடு கூடினாலோ கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கிளறினாலோ தூளாகி, பிரிந்த தண்ணீரோடு போய்விடும். செம்பு எவர்சில்வரைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் பால் முழுவதும் ஒன்றாகச் சூடேறும். 32 பாகை வந்ததும், கிடாரம் தொங்கும் சுழலும் மரக்கையைத் திருப்பி அதை அடுப்பிலிருந்து விலக்கி, பாலை உறையவைக்கும் ரென்னட் விட்டு 40 நிமிடம் காத்திருப்பேன். பிறகு யாழ் போலக் கம்பி கட்டிய சட்டத்தால் உறைந்த பாலை வெட்டி, திரும்ப நெருப்புக்குக் கொண்டுவந்து 38 வரை மெல்ல ஏற்றுவேன். அந்த நேரத்தில் கிடாரம் என் கையின் நீட்சி போல இருக்கும். இது மிகைப்படுத்தல் இல்லை.

ஆனால் களிம்பு!

நேற்றுப் பாலிலிருந்து பிரிந்து புளித்த தண்ணீரும் உப்பும் போட்டுத் தேய்க்க வேண்டும், சுடுநீர் விட்டு அலச வேண்டும், உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். விளிம்பு மடிப்பில் ஒரு துளி ஈரம் தங்கினாலும் விடியும்போது பச்சை பூத்திருக்கும். நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்கு உவமை சொல்வார்கள். கூடவே பிறந்தது, போகாது என்று. அதைப் படித்தபோது விளங்கவில்லை. இங்கே தினமும் அரை மணிநேரம் தேய்த்த பிறகு விளங்கியது. ஓகஸ்ட் மழையில் குடிசைக்குள் எதுவுமே காயாது. வெடித்த விரல்களில் உப்பும் புளிப்பும் ஏறும்போது வரும் கோபத்தை எந்த நல்ல குணமும் ஆற்றாது.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இரவு முழுக்கப் புளிக்கவைத்துச் செய்யும் பச்சைச் சீஸை, அதாவது முதிரவைக்காத மெதுவான சீஸை, செம்பில் செய்யவே முடியாது. புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். இரண்டு கோடைக்கு முன் மாமிக்குக் காய்ச்சல் வந்த இரவு, 20 லீட்டர் பாலைக் கிடாரத்திலேயே விட்டுவிட்டேன். காலையில் நனைந்த அட்டையின் வாடை, நாக்கில் உலோகச் சுவை. அவ்வளவையும் கொட்டினோம். 45 ஆடுகளும் மலை முழுக்க ஏறி இறங்கிச் சேர்த்த பால் அது. இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. மலையேற வருகிறவர்கள் முதலில் கேட்பது பச்சைச் சீஸைத்தான். கெட்டிச் சீஸ் நிலவறையில் முதிரும்வரை பணமாகாது. அதனால் பாதிப் பால் பிளாஸ்டிக் வாளிகளுக்குப் போகிறது.

ஆகவே தோழி, நீர் எவர்சில்வரே வாங்கும். இரட்டைச் சுவர் வைத்து நடுவில் சுடுநீர் ஓடுகிறதாகப் பாரும். ஒற்றைச் சுவர் என்றால் விறகடுப்பில் அடிப்பிடிக்கும். எங்கள் கிடாரத்தை விலைக்குக் கேட்க வேண்டாம். மாமி தந்தாலும் நான் தரமாட்டேன்.

இன்னொன்று: வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்க்காதேயும். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையை எட்டுமுன்பே கொதித்துவிடும். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வையும். சுழியம் காட்டினால் சரி.